புன்னை வனமும் இரண்டு வெள்ளைச் சுவர்களும்

முன்னொரு காலத்தில், கடலும் பனியும் கலந்து கிடந்த கிளிஞ்சற்கரை நாட்டை வெண்திரையன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்ததெல்லாம் உடனே நடக்க வேண்டும் அவனுக்கு. ஒருநாள், தன் அரண்மனை நிலவாய்க் கரைந்து கடல்மேல் மிதப்பதாகக் கனவு கண்டான்.

“அரண்மனை முழுக்க அந்த வெண்மை வேண்டும்!” என்றான்.

கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாய்களின் அதிகாரி கோளரி. அமைச்சர் இளவெயினன்மேல் தீராத பொறாமை கொண்டவன். “விறகு போதாது, அரசே. புன்னை வனத்தை வெட்டிவிடலாம்,” என்றான். புயற்காற்றை மறித்து ஊரைக் காப்பது அந்த வனம்தான். ராஜா தலையாட்டிவிட்டான்.

இளவெயினன் உடனே கிளம்பினார். காளவாய்க்குப் போய்ப் பார்த்தார். திறந்த வாய் வழியே சூடெல்லாம் வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால், பாதி வெந்ததென்று கொட்டிய கிளிஞ்சல், மூடுபனியில் உறங்கும் யானைகளாய்க் குவிந்திருந்தது.

சபைக்கு வந்தார். “மரம் வெட்டாமல், புதுக் கிளிஞ்சல் அள்ளாமல் வெள்ளை தருகிறேன், அரசே.”

“குப்பையிலிருந்தா?” கோளரி சிரித்தான். “தோற்றால்?”

“நாட்டைவிட்டே போகிறேன். எது உயர்ந்த வெள்ளை என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், கோளரியாரே. உங்களைவிட வெள்ளை அறிந்தவர் யார்?”

கோளரிக்கு உச்சி குளிர்ந்தது.

காளவாயின் வாயைக் களிமண்ணால் குறுக்கினார் அமைச்சர். இருந்த விறகே தாராளமாய்ப் போதுமென்றாயிற்று. பாதி வெந்ததை மறுபடி வேகவைத்து, நீரூற்றிப் பொடியாய் நீற்றி, மெல்லிய துணியில் வடித்துத் தெளியவிட்டார். தொட்டியடியில் வெண்ணெய்போலப் படிந்தது சுண்ணாம்பு. பார்த்துக்கொண்டே நின்றவருக்கு, மேகத்தைக் கையில் அள்ளியதுபோல் இருந்தது.

ராஜா கூடவே நிற்க, ஒரு சுவரில் கோளரியின் வெள்ளையும் மறுசுவரில் அமைச்சரின் வெள்ளையும் பூசினார்கள். காய்ந்தபின், எது யாருடையதென்று சொல்லாமல் கோளரியை அழைத்தார்கள்.

அவன் ஒரே பார்வை பார்த்துவிட்டு ஓடிப்போய் ஒரு சுவரைத் தடவினான். “இதுவல்லவா வெள்ளை! என் காளவாயில் வெந்தது! அதோ மங்கலாய் நிற்கிறதே, அது அமைச்சரின் குப்பை!”

“உங்கள் காளவாயில் வெந்ததுதான்,” என்றார் இளவெயினன். “வேண்டாமென்று நீங்கள் வீசியது.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். கோளரியின் முகம் சுவரைவிட வெளுத்தது.

“என்ன வேண்டும், அமைச்சரே? கேளும்.”

“புன்னை வனம் நிற்கட்டும், அரசே. கோளரியாரும் பதவியில் இருக்கட்டும். பாதி வெந்ததை எங்கெங்கே கொட்டினார் என்று அவருக்குத்தானே தெரியும்!”

மறுநாள் காலை, பாதி வெந்த கிளிஞ்சல் கூடையோடு போன ஓர் ஆளைக் கோளரி ஓடிப்போய் மறித்தான். “கொட்டாதே, அப்பா! முதலில் அமைச்சர் ஒருமுறை பார்க்கட்டும்!”