இருளாயி தெருவில் இருளாயி

செங்கேணி நகரில் கிணற்றடித் தெரு உண்டு, கிணறு கிடையாது. உப்புக்காரர் தெருவில் உப்பு விற்க ஆளில்லை. இருளாயி தெருவில் மட்டும் இருளாயி உயிரோடு இருந்தாள். வம்பே அதனால்தான் வந்தது.

நாற்பது வீட்டுக்கு வழி வேண்டும் என்று தன் மனையில் பாதியைத் தெருவுக்கு விட்டுக் கொடுத்தவள் அவள். நாதியற்றவள். ரேஷன் அரிசிதான் அவளுக்குச் சோறு.

பெயரில்லாத தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கிடையாது என்றது நகராட்சி அலுவலகம். ஆளாளுக்குத் தன் தாத்தா பெயரைச் சொல்லி அடித்துக்கொண்டார்கள். கடைசியில், "ஆத்தா, உன் பேரையே வச்சிருவோம்" என்றார் தெருச் சங்கச் செயலாளர் சுந்தரவடிவேல்.

"எம்பேரு எதுக்குய்யா? தண்ணி வந்தாச் சரி" என்றாள்.

ஆனால் உயிரோடு இருப்பவர் பெயரை வைக்க விதியில்லை. சுந்தரவடிவேல் யார் யாரையோ பிடித்து, அவள் போன மாதமே செத்ததாகச் சான்று வாங்கிவிட்டார். மனைக்கான சம்மதக் கடிதத்தில் அன்று காலைதான் அவளிடம் கைநாட்டு வாங்கினார். இரண்டையும் சேர்த்து நீட்டினார். தாளைப் புரட்டிய குமாஸ்தா ஜெபராஜ், விரலில் ஒட்டிய ஊதா மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு முத்திரை குத்தினார்.

பலகை வந்தது, குழாயும் வந்தது. ரேஷன் கடைக்காரர், "நீ செத்துப் போயிட்டன்னு வருது ஆத்தா" என்று அவளைத் திருப்பி அனுப்பினார்.

அலறிக்கொண்டு அலுவலகம் போனாள். "தெருவுக்காகச் செஞ்சேன், எனக்கென்ன லாபம்?" என்றார் சுந்தரவடிவேல். "காகிதத்தைத்தான் பாத்தேன். உயிரோட இருக்கறது எனக்கெப்படித் தெரியும்?" என்றார் ஜெபராஜ். 'இவர்தான் இருளாயி' என்று தெருக்காரர் இருவர் கையெழுத்துப் போட்டால் கார்டு திரும்பக் கிடைக்கும் என்றார் அதிகாரி. ஆனால் அவள் உயிரோடு இருப்பதாகிவிட்டால் தெருவுக்கு வைத்த பெயரை எடுத்துவிடுவார்கள், புதுப் பெயர் வரும்வரை குழாயில் தண்ணீர் வராது.

நாற்பது கதவையும் தட்டினாள். "பாப்போம் ஆத்தா" என்றார்கள். நாங்கள் எந்தப் பொய்யும் சொல்லவில்லையே என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பலகைக்கடியில் பட்டினியாய்க் கிடந்து மாதக் கடைசியில் செத்தாள், பாவி மகள்.

செயலாளர், குமாஸ்தா, தெருக்காரர்கள். இவர்களில் அவளைக் கொன்றது யார்? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: போன மாதம் செத்தவளின் கைநாட்டில் மை ஈரமாக இருக்காது, ஜெபராஜ் சொன்னது பச்சைப் பொய். செயலாளரும் யோக்கியரல்ல. ஆனால் இவர்கள் இருவரும் அவளைக் காகிதத்தில்தான் கொன்றார்கள், இரண்டு கையெழுத்தில் அவள் பிழைத்திருப்பாள். சோற்றில் கொன்றவர்கள் தெருக்காரர்களே. சுடுகாட்டில் பிணத்தை அடையாளம் காட்ட இரண்டு பேர் கையெழுத்துக் கேட்டார்கள். "இது எங்க இருளாயிதான்" என்று நாற்பது வீட்டாரும் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தார்கள்.