வஞ்சனை இல்லாத பந்தி

மடத்துப் பந்தியில் பரிமாற நின்றால் தாணுமாலயனுக்கு நிகர் அவர்தான். மந்திரி வந்து உட்கார்ந்தாலும், வழிப்போக்கன் வந்து உட்கார்ந்தாலும், இலையில் ஒரே அளவு பாயசம்தான் விழும். மடத்தை நடத்திய அருளம்மை அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் தாணுமாலயனுக்கு அந்த அம்மாள்தான் குரு.

ஒருநாள் பந்தி முடிந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, மகளுக்கு மூச்சு இளைப்பு விடவே மாட்டேங்குது. மறுபடியும் ஆஸ்பத்திரியில வச்சுக் கூட்டிட்டு வந்தோம். மருந்து, கோயில் நேர்ச்சை, எதையும் விடலை. அவளுக்கு நான் எதுல குறை வச்சேன்?"

"நாளைக்கு உங்க வீட்டுல சாப்பிடுறேன், அண்ணாச்சி."

மறுநாள் மத்தியானம் அருளம்மை போனபோது முன்னறையில் கொத்தாக ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. அதையும் மீறிச் சிகரெட் வாடை அடித்தது. சிறுமி செண்பகம் மூச்சு வாங்க வாங்க இலை போட்டாள்.

"வீட்டுக்குள்ளேயா பிடிக்கிறீங்க?"

"ஜன்னல் பக்கத்துல நின்னுதாம்மா. முகத்தை வெளியேதான் வச்சுக்குவேன்."

"கம்பிக்கு வெளியே இவுக மூக்கு மட்டும்தாம்மா போகும்," என்றாள் அவர் மனைவி பகவதி. "புகை எங்களோடதான் உட்கார்ந்திருக்கும்."

"நீ சும்மா இரு."

அருளம்மை எழுந்தார். "இன்னைக்கு நான் பரிமாறுறேன். எல்லாரும் உட்காருங்க."

தாணுமாலயன் பதறிப் போனார். குரு பரிமாறித் தான் சாப்பிடுவதா? ஆனால் குரு சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை. மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

அருளம்மை அடுப்படிக்குப் போகவில்லை. ஆணியில் தொங்கிய அவருடைய சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்தார். உப்பு வைக்கிற இலை நுனியில், அவருக்கு ஒன்று வைத்தார். பகவதிக்கு ஒன்று. பிறகு செண்பகத்தின் இலைக்கு முன்னால் குனிந்தார்.

தாணுமாலயன் பாய்ந்து மகளின் இலையை உள்ளங்கையால் மூடினார்.

"அம்மா! பச்சப்பிள்ளைக்கா?"

"நீங்க தினமும் வைக்கிறதுதானே, அண்ணாச்சி. நான் பார்த்ததுல, பந்தியில வஞ்சனை பண்ணாத ஆள் நீங்க ஒருத்தர்தான்."

இலைமேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை.