மேற்கு பார்த்த ஜன்னல்

தென்காசிக்கு வெளியே, வயல் முடிகிற இடத்தில் செண்பகவல்லியின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, சுருட்டி வைத்த நாலைந்து பாய்கள், அவ்வளவுதான்.

குரு செண்பகவல்லிக்கு நாற்பது வயது. அவரிடம் வந்துபோகும் சீடர்களில் மூத்தவர் உலகநாதன், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குருவைத் தாயே என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். இதில் இருவருக்குமே சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

உலகநாதன் தங்கமான மனிதர். எதையும் சட்டென்று முடிவு செய்ய மட்டும் அவருக்கு வராது. ஒரு துண்டு எடுக்கப் போனாலும் கடையில் உள்ள அடுக்கெல்லாம் கீழே இறங்கிவிடும். எடுத்து வந்த பிறகும் மனசு அடங்காது. அவர் வீட்டு டிவி ரிமோட் இன்றைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது.

ஒரு நாள் காலை அவர் மடத்துக்கு வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"தாயே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒண்ணைத் தேர்ந்தெடுத்துட்டோம். அது சரிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"எதைத் தேர்ந்தெடுத்தீங்க?"

"ஜன்னலை."

குரு சிரிக்கவில்லை. "சொல்லுங்க" என்றார்.

உலகநாதன் சொன்னார். அவர் மனைவி பகவதி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். இதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி எழுந்து நடப்பது சந்தேகம். பகவதி யாரையும் நொந்துகொள்ளவில்லை. படுத்தபடியே மலையைப் பார்க்க முடிந்தால் போதும் என்று மட்டும் கேட்டார்.

மேற்கு அறையின் பழைய மரஜன்னலைக் கரையான் அரித்திருந்தது. சாரல் காலம் வந்தால் மரம் உப்பிப்போய்த் திறக்கவே வராது. உலகநாதன் அதைப் பெயர்த்தெடுத்தார். கட்டில் உயரத்துக்குச் சுவரை இடித்து இறக்கினார். தென்காசியிலும் திருநெல்வேலியிலும் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் புது ஜன்னல் ஒன்றை வாங்கிப் பொருத்தினார்.

"அப்புறம் என்ன அண்ணாச்சி?"

"கண்ணாடிதான் தாயே. வெள்ளைக் கண்ணாடி போட்டா மலை பளிச்சுன்னு தெரியும். ஆனா சாயந்தர வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். பழுப்புக் கண்ணாடி போட்டா வெயிலுக்கு நல்லது. மலை மங்கிரும்."

"எதைப் போட்டீங்க?"

"வெள்ளை. ஆனா கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். மேல ஒட்டியிருக்கிற நீலத் தாளை உரிக்காம வச்சிருந்தா, பிடிக்கலைன்னா கண்ணாடியை மாத்தித் தாரேன்னார். உரிச்சுட்டா அவரால ஆகாதாம்."

"அதனால?"

"இன்னும் உரிக்கலை."

குரு எழுந்து குடையை எடுத்தார். "நடங்க. மதினியைப் பாத்துட்டு வருவோம்."

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

சக்கரம் வைத்த கட்டிலில் பகவதி படுத்திருந்தார். அறைக்குள் நீல வெளிச்சம். சுவர் நீலம், போர்வை நீலம், பகவதியின் முகமும் நீலம். வேப்பிலைக் கொத்து ஒன்று சுவரில் செருகியிருந்தது, அதுவும் பச்சையாக இல்லை.

"வாங்கம்மா" என்றார் பகவதி. "இந்தத் தூறல்லயா வந்தீங்க?"

"உங்களைப் பாக்கணும்னு தோணிச்சு. மலை தெரியுதா மதினி?"

"அதுக்கென்ன. காலையிலயும் சாயந்தரமும் இவுக மாடிக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லிருவாக. இன்னைக்கு மேகம் பாதி மலைக்கு இறங்கிருச்சாம்."

உலகநாதன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "ரெண்டு நாள்ல முடிவு பண்ணிருவேன் பகவதி."

இதை அவர் போன மாதமும் சொல்லியிருந்தார்.

"அவசரமில்ல" என்றார் பகவதி. அவருக்கு உண்மையிலேயே கோபம் இல்லை. அதுதான் கேட்கப் பாவமாக இருந்தது.

குரு ஜன்னல் பக்கம் போனார். நீலத் தாள் கண்ணாடியிலிருந்து சட்டம் வரைக்கும் ஒரே வீச்சில் ஒட்டியிருந்தது, கைப்பிடியைக்கூட விடவில்லை. குரு கைப்பிடியைத் தாளோடு சேர்த்துப் பிடித்தார். பக்கவாட்டில் ஓர் இழுப்பு இழுத்தார்.

தாள் டர்ரென்று கிழிந்தது.

"தாயே! தாள்!" என்று கத்தினார் உலகநாதன்.

ஜன்னலில் பாதி திறந்திருந்தது. அந்தப் பாதியில் வெள்ளைக் கண்ணாடியும் இல்லை, பழுப்புக் கண்ணாடியும் இல்லை. மலை இருந்தது.

சாரல் உள்ளே வந்து பகவதியின் நெற்றியிலும் கன்னத்திலும் விழுந்தது. உலகநாதன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பகவதி அவர் கையை மெல்ல விலக்கினார்.

"இருக்கட்டுங்க."

அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மேகம் மலையை விட்டு நகர்ந்து, திரும்ப வந்து மூடியது.

"நீங்க சொன்னதைவிடக் கிட்டத்துல இருக்கே" என்றார்.

உலகநாதன் கொண்டு வந்த துண்டால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிச்சத் தாளை அன்றைக்கு அவரே உரித்தார். ஓரங்களில் பசை பிடித்துப்போய்க் கிடந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு, நகத்தால் சுரண்டி எடுத்தார். குரு எப்போது கிளம்பிப் போனார் என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

சாரல் காலம் முடிந்து வெயில் வந்தது. உலகநாதன் மறுபடி மடத்துக்கு வந்தார். இந்த முறை முகம் வாடியிருக்கவில்லை. குறை மட்டும் கையோடு வந்திருந்தது.

"தாயே, நான் போட்டது தப்பான கண்ணாடிதான்."

"அப்படியா?"

"மூணு மணிக்கு மேல வெயில் அவ மூஞ்சிலயே விழுது. பழுப்புதான் போட்டிருக்கணும்."

"திரை கட்டலாமே?"

"கட்டினேன். மலையை மறைக்குது, அவுத்துருங்கன்னுட்டா."

"அப்ப என்ன செய்யுதீங்க?"

"மூணு மணிக்குக் கட்டிலை உள்ளறைக்குத் தள்ளுதேன். வெயில் இறங்கினதும் திரும்ப ஜன்னலுக்குக் கொண்டு வாரேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"மதினி என்ன சொல்லுதாக?"

உலகநாதனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வண்டி இன்னைக்கு எந்தப் பிளாட்பாரத்துக்குன்னு கேக்கா தாயே. அவளுக்கு ஏத்தம், குசும்பு! நானும் பழைய பழக்கத்துல ஒரு விசில் அடிச்சுட்டுத்தான் கிளப்புதேன். நேத்து வாசப்படியில சக்கரம் மாட்டிக்கிருச்சு. சிக்னல் விழலைன்னு நின்னுட்டோம். அங்கேயே காப்பி குடிச்சோம். சாயந்தரம் ஜன்னலுக்கு வந்ததும், நீங்களும் இறங்குங்க, எங்க போகப்போறீங்கன்னா. இருட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் மலையைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம்."

சொல்லி முடித்தவருக்குத் தான் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"ஆனாலும் தாயே, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். தேர்ந்தெடுத்தது சரிதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறதுன்னு. நீங்க இன்னும் பதிலே சொல்லலை."

குரு வாசலைப் பார்த்தார். கிணற்றடி நிழல் நீண்டு படிக்கு வந்திருந்தது.

"மணி மூணு ஆகப்போகுது அண்ணாச்சி" என்றார். "போய் வண்டியை எடுங்க."