ஜோடிச் சொற்கள்

சொர்ணவல்லி அங்கன்வாடியில் உதவியாளர். ஊருக்கெல்லாம் ஆயா. பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் அவளும் டீச்சர் ஆகலாம். மற்ற பாடமெல்லாம் தேறியாயிற்று. ஆங்கிலம் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. நாற்பத்தாறு வயதில் இது மூன்றாவது முறை. இதிலும் போனால் அப்புறம் எழுதத் தெம்பு இருக்காது என்று அவளுக்கே தெரியும்.

அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருபவள் ஷமீமா. மகள் வயதுதான். ஆனாலும் அவள் உள்ளே வந்தால் சொர்ணவல்லி எழுந்துதான் நிற்பாள்.

அன்று மதியம், பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிய நேரம், சொர்ணவல்லி தன் நோட்டை நீட்டினாள். ஒத்த ஜாடையுள்ள ஆங்கில வார்த்தைகளை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று ஒவ்வொரு தாளிலும் ஜோடி சேர்த்து எழுதியிருந்தாள். ஜோடியாகக் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள்.

ஷமீமா ஒற்றையாகக் கேட்டாள். “குவையட்?”

“அமைதி... இல்ல, ரொம்பன்னு அர்த்தம். ஐயோ, அது குவைட்டா? ஒண்ணைக் கூப்பிட்டா ரெண்டும் சேர்ந்தே வந்து நிக்குது டீச்சர். எப்படித்தான் பிரிச்சுப் பார்க்கிறது?” அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

ஷமீமா பாயைப் பார்த்தாள். அங்கே அகிலாவும் முகிலாவும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரட்டைப் பிள்ளைகள். ஒரே முகம், ஒரே கவுன். பெற்ற தகப்பனே பெயரை மாற்றிக் கூப்பிடுவான்.

“அக்கா, இதுல அகிலா யாரு?”

“சுவரோரம் படுத்திருக்கிறவ.”

“ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?”

சொர்ணவல்லி குனிந்தாள். மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள். இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“ஒண்ணுமே தெரியலையே டீச்சர்.”

“அப்புறம் எப்படிப் பட்டுனு சொன்னீங்க?”

“அகிலாதான் முதல்ல வந்தா. முகிலாவுக்கு அம்மை போட்டிருந்துச்சு, ஒரு மாசம் வரல. அந்த ஒரு மாசமும் இவ என் இடுப்பை விட்டு இறங்கலையே! அப்புறம் அவ வந்து நின்னப்போ, அட, இது வேற பிள்ளைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு.”

ஷமீமா அலமாரியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நோட்டுத் தாள்களை மேலிருந்து கீழாக, நட்டநடுவே வெட்டிக்கொண்டே போனாள்.

“ஐயையோ! நாலு மாசமா எழுதினது டீச்சர்!”

இடப்பக்கத்துப் பாதியை ஷமீமா அவள் கையில் கொடுத்தாள். வலப்பக்கத்துப் பாதியைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

சொர்ணவல்லி அந்தப் பையைக் காட்டினாள். “அது எனக்கு எப்போ வரும்? பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு.”

“அவங்களுக்கு அம்மை போட்டிருக்கு அக்கா,” என்றாள் ஷமீமா. “ஒரு மாசம் கழிச்சு வருவாங்க.”