எட்டு மணிச் சங்கு

அன்று விடிந்ததே கனவு மாதிரிதான் இருந்தது. மார்கழிப் பனியில் பஞ்சாலையின் கேட் எது, வானம் எது என்று ஆவுடையப்பனுக்குப் பிடிபடவில்லை. இருபது நாளாக ஆலை ஓடவில்லை. வாசல் வேப்பமரங்கள் மட்டும் பழைய பஞ்சு படிந்து, பூத்த மாதிரி நின்றன. அவர் கால்கள் தாமாகவே கேட்டருகே போய் நின்றுகொண்டன. ஒன்பது வருஷப் பழக்கமாயிற்றே!

அவர் பதிலித் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளி யாராவது வராத நாளில்தான் பதிலிக்கு வேலை. அதற்காக நாற்பது பேர் தினமும் வரிசையில் நிற்பார்கள். வரிசைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் ஆள் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் ‘எனக்கு வேண்டாம்’ என்று விலக வேண்டும். அவரைத் தாண்டி எவரும் போகக்கூடாது. இப்போது முதல் ஆள் ஆவுடையப்பன். மறுநாளோடு அவருக்கு வயது வரம்பு முடிகிறது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

பதிலிகள் அத்தனை பேரையும் நிரந்தரமாக்கச் சொல்லித்தான் செங்கொடிச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. சங்கத் தலைவி பூரணம் கூட்டத்தில் இரண்டு வாக்குக் கொடுத்திருந்தார். கோரிக்கை நிறைவேறும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது. நிரந்தர வேலை எப்போது வந்தாலும் வரிசையின் முதல் ஆளுக்கே. இரண்டும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் என்று அந்தம்மாள் நினைக்கவே இல்லை, பாவம்.

முதலாளி நினைத்தார்! அன்று காலை கேட்டில் அறிவிப்பு தொங்கியது: ஒரே ஒரு நிரந்தர வேலை, எட்டு மணிச் சங்குக்குள் உள்ளே வருகிறவருக்கு. ஒருவர் நுழைந்தாலும் போதும், ‘ஆலை ஓடுகிறது’ என்று சொல்லிப் போராட்டத்தை உடைத்துவிடலாம்.

பூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆவுடையப்பா, உனக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதான். நீ போ. யாரும் உன்னைக் கருங்காலின்னு சொல்ல விடமாட்டேன்.”

தூக்கத்தில் எத்தனையோ முறை அவர் நுழைந்த கேட், பனிக்குள் ஆவென்று திறந்து கிடந்தது. அவர் நகரவில்லை.

அடுத்து நின்றவள் மாசாணம். அவள் வீட்டில் இரண்டு நாளாக உலை ஏறவில்லை. “அண்ணாச்சி, போறதுன்னா போங்க. இல்லன்னா வேண்டாம்னு சொல்லி விலகுங்க. நான் போறேன்.”

ஆவுடையப்பன் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்படியே நின்றார். சங்கு ஊதியது. கேட் மூடியது. வேலை யாருக்கும் இல்லாமல் போயிற்று, போராட்டம் தப்பியது. கூட்டம் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது.

போகச் சொன்ன பூரணம், வழி கேட்ட மாசாணம், அசையாமல் நின்ற ஆவுடையப்பன். இதில் யார் செய்தது சரி? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: என்னைக் கேட்டால் மாசாணம்தான். சங்கம் சுமக்க வேண்டிய பாரத்தைப் பூரணம் ஒற்றை ஆள் தலையில் இறக்கிவிட்டார். ஆவுடையப்பனுக்குப் பெரிய மனசு, அதைச் சுமக்க மறுக்கவில்லை. ஆனால் தன் வேலையோடு மாசாணத்தின் வேலையையும் சேர்த்தல்லவா விட்டார்? மாசாணம் பசியை மறைக்காமல் வாய்விட்டுக் கேட்டாள். பதில் வராதபோது அவரை ஒரு கையால் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவள் ஓடாததால்தான் போராட்டம் பிழைத்தது. அவளை மட்டும் யாரும் தோளில் தூக்கவில்லை.