முல்லை அழவில்லை

"அக்கா, என் பிள்ளை அழ மாட்டேங்கா," என்றான் பூபாலன்.

உமையாள் அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"இந்தக் குறையோட இங்க யாரும் வந்ததில்லையே."

"விளையாட்டுக்குச் சொல்லல அக்கா."

அவன் குரல் சரியில்லை. அக்கா கீரையை முறத்தில் போட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

சிற்றாற்றங்கரையில் ஓர் ஓட்டு வீட்டில் உமையாள் அக்கா தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிலர் அங்கே வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். எப்படி உட்காருவது என்று அவர் சொல்லித்தருவார். மனம் கொதிக்கும்போது அதன் பின்னால் ஓடாமல் இருப்பது எப்படி என்றும் சொல்லித்தருவார். பூபாலனைவிட அவருக்கு வயது குறைவு. ஆனாலும் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

பூபாலன் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் டெக்னீசியன். மகள் முல்லை பிறந்ததிலிருந்து வீட்டோடு இருந்த அவன் மனைவி சௌந்தரிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. இரண்டரை வயது முல்லையை டே கேரில் விடுவது என்று முடிவாயிற்று.

அப்போதும் பூபாலன் அக்காவிடம்தான் வந்தான்.

"அம்மா இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. நான் குளிக்கப் போனாலே கதவைத் தட்டித் தட்டி அழுவா. இவளை எப்படிப் பழக்க?"

அன்று அறை நிறைய ஆட்கள். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

"உங்களை நான் எப்படிப் பழக்கினேனோ அப்படி."

எல்லோரும் சிரித்தார்கள். பூபாலன் சிரிக்கவில்லை. அதை அப்படியே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இப்போது அக்கா கேட்டார்.

"என்ன பழக்கினீங்க?"

"நீங்க சொன்னதைத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"முதுகை நிமித்தி உட்காரச் சொன்னீங்க. வாயை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னீங்க. உள்ள என்ன வந்தாலும் எந்திரிக்காம இருக்கச் சொன்னீங்க."

"பிள்ளைக்கா சொன்னேன்?"

பூபாலன் முறத்திலிருந்த கீரையைப் பார்த்தான்.

விளையாட்டு மாதிரிதான் அவன் ஆரம்பித்தான். சௌந்தரி கடைக்குப் போனதும் முல்லையைப் பாயில் உட்காரவைப்பான். "அப்பா வெளிய போறேன். அழக்கூடாது," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, படியில் நின்றுகொள்வான்.

உள்ளே முல்லை அலறுவாள். கதவில் வந்து மோதுவாள். அவன் கால்கள் தாமாகவே கதவை நோக்கித் திரும்பும். அவன் அவற்றைப் பிடித்து நிறுத்துவான். நெஞ்சில் எழுவதை, அக்கா சொல்லித்தந்தபடி, தள்ளி நின்று பார்ப்பான். சத்தம் அடங்கிய பிறகே தாழைத் திறப்பான். கொஞ்சம் உலர்ந்த திராட்சை கொடுப்பான்.

ஒருநாள் சௌந்தரி காய்கறிப் பையோடு படியேறி வந்துவிட்டாள்.

"என்ன செய்யுதீங்க?"

"பழக்குதேன்."

"கதவைத் திறங்க."

"இப்பத் திறந்தா இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீண் சௌந்தரி."

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்தாள். முல்லை கட்டிக்கொண்ட இறுக்கத்தில் தாலிக்கொடி அழுந்தி அவள் கழுத்து சிவந்துபோனது.

அன்று வீட்டில் பெரிய சண்டை. சௌந்தரி கத்தினாள். பூபாலன் கத்தவில்லை. தணிந்த குரலில், ஒன்றன்பின் ஒன்றாக, காரணம் சொன்னான்.

"இப்படிப் பேசாதீங்க," என்று அவள் சொன்னாள். "ஒரு தடவையாவது மனுசன் மாதிரி கத்துங்களேன்."

அதன் பிறகு அவள் இல்லாத நேரம் பார்த்துப் பழக்கினான்.

முல்லை கற்றுக்கொண்டாள். கதவைச் சாத்தினால் உள்ளே சத்தம் இல்லை. நேரத்தைக் கூட்டிப் பார்த்தான். அப்போதும் சத்தம் இல்லை. திறந்தால், விட்ட இடத்திலேயே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாள். கைகளை இறுக மூடி மடியில் வைத்திருப்பாள்.

டே கேரில் சேர்த்த அன்று வாசல் முழுக்க ஒரே அழுகை. சேலையைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகள், தரையில் விழுந்து புரளும் பிள்ளைகள். முல்லை தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு நேராக உள்ளே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்தர் வாயில் கைவைத்தாள்.

"என்ன சார் செஞ்சீங்க? இப்படி ஒரு பிள்ளையை நான் பாத்ததே இல்லை."

திரும்பும்போது பூபாலன் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினான். நெஞ்சுக்குள் ஒரு சலனமும் இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்து இத்தனை காலம் தேடியது இதைத்தானோ என்று தோன்றியது. சந்தோஷமாகவே இருந்தது.

"அப்புறம்?" என்றார் அக்கா.

"போன வாரம் அங்க பாத்ரூம் கதவிடுக்குல விரல் மாட்டிக்கிட்டு."

அக்கா முறத்தைத் தள்ளி வைத்தார்.

"யாருக்கும் தெரியல அக்கா. அவ போய் இடத்துல உட்கார்ந்துட்டா. கையைத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டா. சோறு போட்டப்ப ஒரு கையாலயே சாப்பிட்டிருக்கா. கவுன் நனைஞ்சிருக்கேன்னு எஸ்தர் தூக்கிப் பாத்திருக்கு. ரத்தம்."

எஸ்தர் போனில் அழுதுகொண்டே பேசியிருந்தாள். "தப்பு எங்க மேலதான் சார். நான் இல்லைங்கல. ஆனா ஒரு சத்தம் வரலியே சார். ஒரு சின்னச் சத்தம் வந்திருந்தா நான் ஓடியிருப்பேனே."

தையல் போடும்போதும் முல்லை அழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. உதடு பிரியவில்லை. டாக்டர் வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து பூபாலன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சில பிள்ளைகளுக்கு வலியே தெரியாது. அப்படி இருக்குமோன்னு முதல்ல பயந்தேன். இவளுக்குத் தெரியுது. நல்லாவே தெரியுது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கா."

அதிலிருந்து முல்லை பேசவும் இல்லை. சௌந்தரியும் பூபாலனோடு பேசவில்லை.

"கூட்டிட்டு வாங்க," என்றார் அக்கா.

"எப்ப அக்கா?"

"இப்ப."

அவன் முல்லையைக் கூட்டி வந்தபோது பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பெரிய அறைக்குள் போனாள். யாரும் சொல்லாமலே பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முதுகு நேராக நின்றது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, அதன்மேல் மறுகையை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற பெரியவர்களில் யாரும் அத்தனை ஒழுங்காக உட்கார்ந்ததில்லை.

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்திலிருந்து ஏதோ வடிந்துபோனது.

"முல்லை, விரல் வலிக்குதா?"

முல்லை அப்பாவைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அக்கா அவள் எதிரே உட்கார்ந்தார்.

"பூபாலன், வீட்டுல செஞ்சதைச் செய்யுங்க."

"எதை?"

"வெளிய போங்க. கதவைச் சாத்துங்க."

"வேண்டாம் அக்கா."

அக்கா சொன்ன எதற்கும் அவன் அதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

"நான் பாக்கணும்," என்றார் அக்கா. "என் பேரைச் சொல்லி நடந்ததை நான் பாக்கணும்."

அவன் முல்லையைப் பார்க்காமல் எழுந்து போனான். கதவைச் சாத்தினான். கை பழக்கத்தில் தாழையும் போட்டது.

வெளியே வெயில் மஞ்சளாக இருந்தது. ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. அவன் மூச்சைக் கவனிக்கப் பார்த்தான். மூச்சு பிடிபடவில்லை. கதவில் காதை வைத்தான். அப்போதும் ஒன்றும் இல்லை. உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதையே நம்ப முடியவில்லை.

பிறகு ஒரு விம்மல் கேட்டது.

முல்லை! அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆனால் அது பெரியவர் ஒருவரின் குரல். விம்மல் பெரிதாகி, உடைந்து, அடக்க முடியாத அழுகையாக வெளியே வந்தது.

அக்கா அழுதார்.

கூடப் பிறந்த தம்பியின் உடலைக் கொண்டுவந்து இறக்கியபோதுகூட அவர் அழவில்லை என்று ஊரில் சொல்வார்கள். பூபாலனும் பெருமையாக அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறான். அந்த அக்கா இப்போது உள்ளே வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார்.

அவன் தாழில் கை வைத்தான். திறக்கவில்லை. சத்தம் அடங்கட்டும் என்று கை தானாகவே காத்திருந்தது.

உள்ளே சின்னக் கால்கள் ஓடின.

"ச்சூ," என்றது ஒரு குரல். பல நாள் பேசாமல் கரகரத்துப்போன குரல். "அழாத."

அழுகை நிற்கவில்லை.

"அழாத, அழாத." குரலில் இப்போது பயம் இருந்தது. "அழுதா அப்பா வராது."

பூபாலன் தாழை இழுத்தான். அது வரவில்லை. மறுபடி இழுத்தான். விரல்கள் வழுக்கின. தோளால் கதவைத் தாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்துத் திறந்தான்.

முல்லை நின்றுகொண்டிருந்தாள். கட்டுப்போட்ட கையையும் சேர்த்து இரண்டு கைகளாலும் அக்காவின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தச் சின்ன விரல்களின் மேல் அக்காவின் கண்ணீர் வழிந்தது. விரல் கட்டின் மேல் புதிதாக ரத்தம் கசிந்திருந்தது.

அவள் திரும்பினாள்.

வாசலில் அப்பா நின்றார். அக்காவைப் பார்த்தாள். அக்கா இன்னும் அழுதுகொண்டிருந்தார். மறுபடி அப்பாவைப் பார்த்தாள். அப்பா போய்விடவில்லை. அங்கேயேதான் நின்றார்.

அவள் கைகள் மெல்ல இறங்கின. கீழுதடு ஒருபக்கமாகக் கோணியது. மார்பு ஏறி ஏறி இறங்கியது. முதலில் சத்தமே வரவில்லை. வந்தபோது வீடே அதிர்ந்தது.

பூபாலன் ஓடிப்போய் மண்டியிட்டான். அவள் அவன் முகத்தில் அடித்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தாள். விரலைத் தூக்கிக் காட்டி, "வலிக்கு! வலிக்கு!" என்று அலறினாள்.

"ஆமா," என்றான். "ஆமா தங்கம். வலிக்கும்."

அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான்.

முல்லை அவன் மடியிலேயே தூங்கிப்போன பிறகு அவன் அக்காவைப் பார்த்தான்.

"இனி நான் என்ன செய்யணும் அக்கா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்கிட்ட கேக்காதீங்க. போன தடவை நீங்க கேட்டதும் யோசிக்காம பதில் சொல்லிட்டேன்."

"டே கேரை நிறுத்திரலாமா?"

"தெரியலை. சௌந்தரிகிட்ட பேசுங்க."

"அவ கத்துவா."

"கத்தட்டும். நீங்க உட்கார்ந்து கேளுங்க. மூச்சைக் கவனிக்காதீங்க, அவ சொல்லுததைக் கவனிங்க."

கட்டுப் பிரிக்கும்வரை முல்லை வீட்டில் இருந்தாள். பூபாலனும் சௌந்தரியும் மாறி மாறி லீவு போட்டார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை மூவருமாக டே கேருக்குப் போனார்கள்.

கேட்டைக் கண்டதுமே முல்லை ஆரம்பித்துவிட்டாள். அப்பாவின் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பை கிழிந்தது. மற்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்தர் வெளியே ஓடிவந்து, கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். சௌந்தரி உதட்டைக் கடித்துக்கொண்டு பூபாலனையே பார்த்தாள்.

அவன் முல்லையின் விரல்களைப் பிரிக்கவில்லை. தரையில் குந்தினான்.

"முல்லை, அப்பா சாயங்காலம் வருவேன்."

அவள் இன்னும் உரக்க அழுதாள்.

"அழுதாலும் வருவேன்."

அழுகை சட்டென்று நின்றது. ஈர இமைகளுக்குள்ளிருந்து அவள் அவனை உற்றுப் பார்த்தாள்.

"அழுதாலுமா?"

"அழுதாலும்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எஸ்தரின் தோளுக்குத் தாவி, தெருமுனைவரை கேட்கும்படி அழுதாள்.