துப்பாக்கிக்கு மூணு பூச்சு

"தாயி, இந்தத் துப்பாக்கி வெயில்ல மின்னுது. எட்ட நிக்கிறவனுக்கும் ஆள் இருக்கிற இடம் தெரிஞ்சுபோகும். என்ன செய்யட்டும்?"

கேட்டவர் கொம்பையா. பதினேழு வருசம் பட்டாளத்தில் இருந்த மனுசன். அறுபதைத் தொட்டுவிட்டார்.

கேட்டது உச்சிமாகாளியிடம். அவளுக்கு நாற்பதுக்கு மேலே ஒன்றோ இரண்டோதான். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவள். ஆனால் மனசில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டால் மூன்று ஊர்ச் சனமும் அவளிடம்தான் போகும். கொம்பையா வயசு பார்க்காமல் அவளைக் குருவாகவே வைத்திருந்தார்.

"யாரைச் சுடப் போறீய, அண்ணாச்சி?"

"ஒருத்தரையும் இல்லை. ஆகாசத்தைப் பாத்து ஒரு வெடி. குவாரிக்காரன் பதறி ஓடணும். எங்கேயிருந்து வெடிச்சுதுன்னு அவனுக்குத் தெரியக்கூடாது."

விசயம் இதுதான். அந்த மலையில் சுனைப்பாறை என்று ஒன்று. அதன் இடுக்கில் ஊறுகிற தண்ணீரைத்தான் மூன்று ஊரும் குடிக்கிறது. குவாரிக்காரன் அனுமதி வாங்கியது பக்கத்துக் குன்றுக்கு. கண் வைத்தது இந்தப் பாறைமேல். துளை போட்டு ஒரு வெடி வைத்தால் போதும், ஊற்று அடைபட்டுப்போகும்.

பட்டாளத்துக்காரர், பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கியும் வைத்திருக்கிறார், நீங்கதான் காவல் என்று ஊர் அவர் தலையில் கட்டிவிட்டது.

உச்சிமாகாளி ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டே சொன்னாள்.

"மின்னாமப் பண்ணுங்க."

அவ்வளவுதான்.

கொம்பையா டவுனுக்குப் போய் ஸ்ப்ரே டப்பா மூன்று வாங்கிவந்தார். மண் நிறம், பச்சை, கறுப்பு. தோட்டாவை எடுத்துவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, தின்னர் போட்டுத் துடைத்து, குழல் வாயில் டேப் ஒட்டித் துப்பாக்கியைத் துணிக்கொடியில் தொங்கவிட்டார். முதலில் மண் நிறம். அது காய்ந்ததும் மாமரத்து இலையை வைத்து அதைச் சுற்றிப் பச்சை. பிறகு வெங்காய மூட்டை வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் அங்கங்கே கறுப்பு. வலையை உரித்தால் மலைப்பாம்புத் தோல் கணக்காக இருந்தது.

அவர் சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, துப்பாக்கிக்கு அம்மை போட்டிருக்கா?" என்றாள்.

அவர் காதில் வாங்கவில்லை. தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்.

உச்சிமாகாளி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது என்ன இலை?"

"மா இலை."

"இந்த மலையில மாமரம் எங்க நிக்கி?"

கொம்பையா சுற்றிப் பார்த்தார். ஒடைமரம், கள்ளி, காய்ந்த புல்.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

மறுபடியும் தேய்த்தார். மறுபடியும் அடித்தார். இந்தத் தடவை ஒடையிலை, காய்ந்த புல். மலையைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அதற்கு ஒரு வாரம் பிடித்தது. வேலையில் மூழ்கிக் கிடந்தவர் நடுவில் பெய்த மழையைக் கவனிக்கவே இல்லை.

கொண்டுபோய்க் காட்டினார். அவள் துப்பாக்கியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"மழை பெஞ்சு நாலு நாளாச்சே, அண்ணாச்சி."

புல்லெல்லாம் பச்சைப்பசேலென்று நின்றது. துப்பாக்கி மட்டும் பங்குனி மாசத்தில் இருந்தது.

கொம்பையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மலை நெனச்ச நேரம் சேலை மாத்தும்னா நான் என்ன செய்ய? உங்களுக்கு விளையாட்டா இருக்கு. மூணு ஊர்த் தண்ணி இப்ப என் கையில இருக்கு!"

அவள் அவர் கையைப் பார்த்தாள். கையில் துப்பாக்கி இருந்தது.

ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"பாத்திருவோம்" என்று அவர் மலைமேலேயே உட்கார்ந்து மூன்றாம் பூச்சு அடித்தார். அங்கே முளைத்ததையே பறித்து, அங்கேயே வைத்து அடித்தார். காய்ந்ததும் ஒரு புதரில் சாத்திவிட்டுப் பத்தடி நடந்து திரும்பினார்.

துப்பாக்கியைக் காணோம்.

குனிந்து, தடவி, முள் குத்தித்தான் எடுக்க வேண்டியதாயிற்று.

உச்சிமாகாளியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் வெகுநேரம் தேடினாள்.

"எனக்கே தெரியலை, அண்ணாச்சி."

மனுசனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"அப்ப போய் உக்காருங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குவாரி டிராக்டர் வந்தது. பின்னால் பாறை துளைக்கிற கம்ப்ரசர். கொம்பையா முகத்தில் சேறு பூசி, பச்சைச் சட்டை போட்டுப் புதருக்குள் இருந்தார். உச்சிமாகாளி பாறை உச்சியில் வெட்டவெளியில் உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் இறங்கவில்லை. "ஊர்க்காரங்க காவல் போட்டிருக்காங்கன்னு சொன்னாவ. இருந்தா நான் வேலை செய்ய மாட்டேன், சார்."

சூப்பர்வைசர் குதித்து இறங்கினான். பாறையில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டான். புதர் புதராகப் பார்த்துக்கொண்டே வந்தான். கொம்பையா இருந்த புதருக்கு நாலடியில் நின்றான். துப்பாக்கியை நேராகப் பார்த்தான். கொம்பையாவின் கண்ணையே நேராகப் பார்த்தான்.

காறித் துப்பிவிட்டுத் திரும்பினான்.

"எங்கடே காவல்? ஈ காக்கா இல்லை."

"அங்கன ஒரு பொம்பளை இருக்கே, சார்."

"அது ஆடு மேய்க்கிறது. ஏம்மா, ஊர்ல இருந்து ஆம்பளைக எவனும் வரலையா?"

உச்சிமாகாளி சொன்னாள். "உனக்குக் கண்ணு இருக்குல்ல? பாத்துக்கோ."

"பாத்தாச்சு, பாத்தாச்சு. ஒருத்தனும் இல்லை. இந்தப் பாறைக்கு நாதியே கிடையாது. டேய், இறக்குடே மெசினை!"

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது.

பட்டாளத்தில் எத்தனையோ ஏச்சு வாங்கியவர். தொடையில் குண்டு வாங்கியவர். இப்படி எதுவும் தைத்ததில்லை.

விரல் விசைமேல் இருந்தது. கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது.

விரலை எடுத்தார். தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். துப்பாக்கியைப் புதரிலேயே கிடத்தினார்.

எழுந்து நின்றார்.

முள் சட்டையைக் கிழித்தது. கிழியட்டும் என்று நடந்தார். சூப்பர்வைசர் ரெண்டடி பின்னால் துள்ளினான்.

"ஏய்! யாருய்யா நீ?"

"கொம்பையா. கீழூரு, வடக்குத் தெரு, கடைசி வீடு. எவன்கிட்ட வேணும்னாலும் போய்ச் சொல்லு."

போய்ச் சாக்கட்டிக் குறிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முகத்துச் சேற்றை வேட்டி முனையால் துடைத்தார்.

"துளை போடணும்ல? இங்கதான். போடு பாப்போம்."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டான். "நான் போட மாட்டேன், சார்."

சூப்பர்வைசருக்கு வேர்த்துவிட்டது. உச்சியைப் பார்த்துக் கத்தினான்.

"ஏம்மா! ஒருத்தனும் இல்லைன்னு நான் சொல்லும்போது கேட்டுக்கிட்டுத்தான இருந்தே? இந்த ஆளு எவ்வளவு நேரமா இங்க இருக்கான்?"

உச்சிமாகாளி சொன்னாள்.

"இப்பத்தான் வந்தாரு."